பத்து தெரியாத கம்ப்யூட்டர்

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனி ஆபீசில் சென்னியம்மாள் பதினாறு வருஷமாக டைப்பிஸ்ட். அவளுக்குக் கோபம் வந்தால் மிசின் போடுகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்று ஆபீசில் சொல்வார்கள். பொய்யில்லை. 1996-ம் வருஷம் ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தச் சத்தம் அடியோடு நின்றுபோனது. மேனேஜர் அருள்குமார் டைப் செய்யக் கொடுத்த ஒரு காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கைகளை மடியில் போட்டபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

காகிதத்தில் நாலே வரி. டைப்பிஸ்ட் சபுராவின் வேலையில் தொடர்ந்து பிழைகள் காணப்படுவதால், இந்த மாதக் கடைசியோடு அவரைப் பணியிலிருந்து விடுவிக்கிறோம் என்று மேனேஜர் தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்.

"அவசரமில்லைங்க்கா. திங்கக்கிழமை கையெழுத்துக்கு வெச்சுப்போடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் மெசின் ஷாப் பக்கம் போய்விட்டார். அவருக்கென்ன, போய்விடலாம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம், புதிதாக வாங்கின கம்ப்யூட்டர் முன்னால் சபுரா உட்கார்ந்து விறுவிறுவென்று அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே இதை டைப் செய்ய வேண்டியது சென்னியம்மாள் அல்லவா.

சபுரா செய்துகொண்டிருந்த வேலை இதுதான். பம்பு விற்கிற டீலர்கள் ஊர் ஊராக வாரண்டி கார்டு அனுப்புவார்கள். ஒவ்வொரு கார்டிலும் பத்து இலக்கத்தில் பம்பின் நம்பர் இருக்கும். அந்த நம்பர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். டவுனிலிருந்து ஒரு சாஃப்ட்வேர்காரர் வந்து, ஏற்றின நம்பர் சரியா தப்பா என்று பார்க்கிற புரோகிராம் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார். சபுரா இரண்டு மாதமாக ஏற்றின தொள்ளாயிரம் நம்பர்களில் ஐநூற்றுச் சொச்சத்தை அது 'தவறு' என்று தள்ளிவிட்டது. என்ன தவறு, எங்கே தவறு என்று ஒரு வார்த்தை கிடையாது. தவறு என்றால் தவறு, அவ்வளவுதான்.

சபுரா கார்டுகளை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். திரையில் இருந்ததும் கார்டில் இருந்ததும் ஒன்றுபோல இருந்தன. பிரிண்ட் எடுத்து சென்னியம்மாளும் விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். ஒரு இலக்கம் பிசகவில்லை. மேனேஜரிடம் போய்ச் சொன்னார்கள்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க்கா," என்றார் அவர். "நானூறு நம்பரைச் சரின்னு எடுத்துக்குதில்லீங்க? புரோகிராம்ல கோளாறுன்னா அத்தனையுமில்ல தப்பா வரோணும்? கொஞ்சம் சரி, கொஞ்சம் தப்புன்னா, அடிக்கறவங்க மனசு வேலையில இல்லைன்னுதானுங்க அர்த்தம்."

கெட்ட மனுஷர் இல்லை அருள்குமார். முப்பது வயதுக்கு நல்ல பொறுப்புள்ளவர்தான். ஆனால் அச்சாகி வந்த ஒரு தாள் கையில் இருந்தால், எதிரே நிற்கிற ஆள் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அந்த வியாதி அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கின நிறையப் பேருக்கு இருந்தது.

சபுராவுக்கு இந்த வேலை போனால் என்ன ஆகும் என்று சென்னியம்மாளுக்கு நன்றாகவே தெரியும். கோட்டைமேட்டில் வாடகை வீடு. இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டுக்காரர் ஆஸிம் பஞ்சு குடோனில் வேலை பார்த்தவர். மூச்சிரைப்பு வந்து இரண்டு வருஷமாக வீட்டோடு இருந்தார். தினமும் உக்கடத்தில் பஸ் ஏறி, பாதி வழி நின்றுகொண்டே வருகிற அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

இதற்கும் மேல் ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னியம்மாளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகி, நாற்பது நாள் லீவு போட்டாள். அப்போது இருந்த மேனேஜர், இரண்டு நாள் வேலை தேங்கினாலும் புது ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லியே லீவு கொடுத்தார். சபுரா வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அந்த நாற்பது நாளும் அவள் முதல் பஸ்ஸில் வந்து இரண்டு பேர் வேலையையும் செய்தாள். காலையில் தன் மிசினில் அடிப்பாள், மத்தியானம் சென்னியம்மாள் நாற்காலியில் போய் உட்கார்ந்து அந்த மிசினில் அடிப்பாள். ஏன் இப்படி மாறி மாறி உட்காருகிறாய் என்று பியூன் கேட்டதற்கு, "உறை போட்டு மூடின மிசினைப் பாத்தா யாருக்காச்சும் புது ஆள் நெனப்பு வந்துருமுங்க," என்றாளாம். இதைச் சபுரா ஒரு நாளும் சொன்னதில்லை. பியூன் சொல்லித்தான் தெரியும். சென்னியம்மாள் வாயைத் திறந்து நன்றி என்று சொன்னதுமில்லை. நம் ஆட்களுக்கு அந்த வார்த்தை மேடையில்தான் வரும், வீட்டிலும் ஆபீசிலும் தொண்டையிலேயே நின்றுவிடும்.

அன்று சாயங்காலம் அவள் அந்தக் காகிதத்தை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள். பிறகு கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் போனாள்.

"சபுரா, கார்டு நம்பர் இருக்கற ஃபைலை ஒரு ஃபிளாப்பியில போட்டுக் கொடு கண்ணு."

"எதுக்குங்க்கா?"

"ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல ஒண்ணு செஞ்சு பாக்கலாம்னுதான்."

சபுரா ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்காமல் ஃபிளாப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

கிளாஸ் என்றது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டர். கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, நாமும் கற்றுக்கொள்ளாவிட்டால் கதை கந்தல் என்று ஜனவரியில் சேரப் போனாள் சென்னியம்மாள். கடிதம் அடிக்கிற வகுப்பில் இடமில்லை, சி வகுப்பில்தான் இருக்கிறது என்றார்கள். ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்துப் பணம் கட்டிவிட்டாள். சி என்பது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிற பாஷை என்பது முதல் நாள்தான் தெரிந்தது. பணம் கட்டியாயிற்றே என்று உட்கார்ந்தாள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில், முப்பத்தெட்டு வயதில், செருப்பை வாசலில் விட்டுவிட்டு அந்தக் குளிர் அறையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்ததில், அவளே எதிர்பார்க்காமல் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்திருந்தது.

சனிக்கிழமை பூராவும் அவள் யோசித்தது இதைத்தான். சாஃப்ட்வேர்காரரின் புரோகிராம் தவறு என்று மட்டும் சொல்கிறது. எத்தனையாவது வரியில், எத்தனையாவது எழுத்து தவறு என்று சொல்கிற புரோகிராம் ஒன்றை நாமே எழுதினால்? பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, நீ எண்தானா என்று கேட்டால் போதும். அப்படி ஒரு பாடம் வகுப்பில் நடந்திருந்தது. நோட்டில் எழுதிப் பார்த்தாள். இருபத்திரண்டு வரி வந்தது. திங்கட்கிழமைக்குள் இது ஓட வேண்டும். ஓடாவிட்டால் டிராயரில் இருக்கிற காகிதத்தை அடித்து வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் அதைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். அதுவரை வகுப்பில் பார்த்து நோட்டில் எழுதினதுதான், முழுசாக ஒரு புரோகிராமைத் தானே அடிப்பது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அடிக்க இரண்டு நிமிஷம். கம்ப்யூட்டருக்குள் கட்டளைகளைச் சரிபார்க்கிற கம்பைலர் என்கிற அந்தப் பொல்லாத வாத்தியாருக்குத் திருத்த இரண்டு விநாடி. இருபத்து மூன்று தப்பு என்றது.

எழுதினதே இருபத்திரண்டு வரி. அதில் இருபத்து மூன்று தப்பு. சென்னியம்மாளுக்கு மானம் போனதுபோல இருந்தது. டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தவள் அவள்.

வகுப்பு எடுக்கிற லோகப்பிரியா வந்து பார்த்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண், வெடுக்கென்று பேசுவாள், ஆனால் பொறுமைசாலி.

"ஏனுங்க்கா, வரிக்கு வரி முதல் எழுத்தைப் பெருசாப் போட்டிருக்கீங்க?"

"வரி ஆரம்பிச்சாப் பெரிய எழுத்துதானுங்க அம்மணி?"

"அது கடுதாசியிலங்க்கா. இது சின்ன எழுத்து மட்டும்தான் கேக்கும். அப்புறம் வரி முடிவுல அரைப்புள்ளிக்குப் பதிலா முற்றுப்புள்ளி வெச்சிருக்கீங்க."

அதுவும் பதினாறு வருஷக் கடுதாசிப் பழக்கம். திருத்தத் திருத்தத் தப்புகள் குறைந்தன. இருபத்து மூன்று பதினொன்றாகி, பதினொன்று நாலானது. ஒரு இடத்தில் மட்டும் அவள் மல்லுக்கு நின்றாள். எட்டாம் வரி தப்பு என்று கம்ப்யூட்டர் சொன்னது. எட்டாம் வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள், குற்றமே இல்லை. லோகப்பிரியா சிரித்துக்கொண்டு, ஏழாம் வரியின் முடிவில் விட்டுப்போன அரைப்புள்ளியைக் காட்டினாள்.

"திட்டு வாங்கற வரியை மட்டும் பாக்காதீங்க்கா. அதுக்கு முந்தின வரியையும் பாருங்க. இது தப்புச் செஞ்சவங்களை விட்டுப்போட்டு அடுத்தவங்களைப் புடிச்சுக்கும்."

சென்னியம்மாளுக்கு அது சுருக்கென்று தைத்தது. அரைப்புள்ளியை வைத்தாள்.

கடைசியில் ஒரே ஒரு தப்பு மிஞ்சியது. 'இந்தக் குறி என்னவென்று எனக்குத் தெரியாது' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எந்தக் குறி என்பதையும் கம்ப்யூட்டர் மேற்கோளுக்குள் காட்டியது. அது பத்து. பத்து இலக்கம் என்று அவள் எழுதியிருந்த அந்தப் பத்துதான்.

கம்ப்யூட்டருக்குப் பத்து தெரியாதா? உலகத்துக் கணக்கையெல்லாம் போடுகிற மிசினுக்கு, ஒன்றுக்குப் பக்கத்தில் பூஜ்யம் போட்டால் பத்து என்பது தெரியாதா? லோகப்பிரியாவும் குனிந்து பார்த்தாள், அவளுக்கும் விளங்கவில்லை. "நகருங்க்கா," என்று சொல்லி அந்தப் பத்தை அழித்துவிட்டுத் தானே அடித்தாள். கம்ப்யூட்டர் தப்பே இல்லை என்றது. அது எப்படி என்று சென்னியம்மாள் அதை அழித்துவிட்டு மறுபடி தானே பத்து என்று அடித்தாள். தெரியாது என்றது.

"நான் அடிச்சா எடுத்துக்குது, நீங்க அடிச்சா மாட்டேங்குது," என்றாள் லோகப்பிரியா, நிஜமாகவே பயந்துபோய். சென்னியம்மாளுக்கு அழுகை முட்டியது. கம்ப்யூட்டருக்குக்கூட ஆள் பார்த்து நடக்கத் தெரியுமா என்ன?

"இன்னொருக்கா அடிங்க்கா. மெதுவா." லோகப்பிரியா இந்த முறை திரையைப் பார்க்கவில்லை. சென்னியம்மாளின் கையைப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, ஒண்ணு போடறதுக்கு எதுக்கு எல் எழுத்தை அழுத்தறீங்க?"

"ஒண்ணு போடறதுக்கு வேற எதை அழுத்தறது?" என்றாள் சென்னியம்மாள்.

லோகப்பிரியா விரலை நீட்டி, விசைப்பலகையின் மேல்வரிசையில் இடது ஓரத்தைக் காட்டினாள். அங்கே ஒன்று இருந்தது. ஆறு மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. டைப்பிஸ்ட் என்றால் விசைகளைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட சென்னியம்மாள் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் படித்த இன்ஸ்டிட்யூட் மிசினிலும் சரி, ஆபீசில் இருக்கிற மிசினிலும் சரி, எண் வரிசை இரண்டில்தான் ஆரம்பிக்கும். ஒன்று என்று தனியாக விசையே கிடையாது. ஆங்கிலத்துச் சின்ன எல் எழுத்தும் ஒன்றும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதால், ஒன்று வேண்டுமென்றால் எல்லோரும் எல் எழுத்தைத்தான் அடிப்பார்கள். காகிதத்தில் படிக்கிறவர் கண்ணுக்கு அது ஒன்று. கம்ப்யூட்டருக்கு அது எழுத்து. பார்வைக்கு எப்படி இருந்தால் அதற்கென்ன?

சென்னியம்மாள் பையைத் திறந்து ஃபிளாப்பியை எடுத்தாள். சபுராவும் அதே மாதிரி மிசினில் படித்தவள். சபுராவும் விசையைப் பார்க்கமாட்டாள்.

ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒற்றை விரலால் அழுத்திப் பத்தைத் திருத்தினாள். புரோகிராம் ஓடியது. ஃபிளாப்பியைப் போட்டாள். சரசரவென்று திரையில் வரிகள் இறங்கின. நாலாவது வரி, மூன்றாவது எழுத்து, எல். ஐந்தாவது வரி, ஒன்பதாவது எழுத்து, எல். ஏழாவது வரியிலும் எல். ஐநூற்றுச் சொச்சம் வரியிலும் எல் எழுத்தைத் தவிர வேறொரு தப்பு இல்லை. மற்ற நானூறு நம்பர்களில் ஒன்று என்கிற இலக்கமே வரவில்லை, அதனால்தான் தப்பித்திருந்தன. சபுரா இரண்டு மாதத்தில் ஒரு இலக்கத்தைக்கூடத் தப்பாக அடிக்கவில்லை.

"ரொம்ப நன்றி சாமி," என்றாள் சென்னியம்மாள், கம்ப்யூட்டரைப் பார்த்து. வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தெரியாது என்பதை மறைக்காமல், எது தெரியவில்லை என்று விரல் வைத்துக் காட்டின அந்த மிசினுக்கு அவள் உண்மையாகவே நன்றி சொன்னாள். லோகப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுக்கும் சொன்னாள். ஒரு முறை வாயில் வந்துவிட்டால் அந்த வார்த்தை அவ்வளவு கஷ்டமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் வந்ததும் வராததுமாக அவர் அறைக்குப் போனாள்.

"சார், சரின்னு வந்த நம்பர் லிஸ்ட்டைக் கொஞ்சம் எடுங்க. அதுல எங்கியாச்சும் ஒரு ஒண்ணு இருக்குதான்னு பாருங்க."

"என்னங்க்கா வெளையாடறீங்க?"

"பாருங்க சார்."

அருள்குமார் பென்சிலை எடுத்துக்கொண்டு பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார், இரண்டாம் பக்கம் பார்த்தார். நானூறு நம்பரில் ஒரு ஒன்றுகூட இல்லை. அவர் முகம் மாறியது. அக்கவுண்ட்ஸில் இருக்கிற புவனாவும் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள்தான், அவளைக் கூப்பிட்டு எண்ணில் பதினொன்று அடிக்கச் சொல்லுங்கள் என்றாள் சென்னியம்மாள். புவனா எதற்கென்று தெரியாமலே வந்து, அந்த அறையிலேயே இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் படபடவென்று இரண்டு தட்டுத் தட்டினாள். ஃபிளாப்பியில் கொண்டுவந்து போட்டிருந்த சென்னியம்மாளின் புரோகிராம், இரண்டும் எல் எழுத்து என்றது. மேனேஜர் தானே உட்கார்ந்து, விரலால் துழாவி ஒன்றைக் கண்டுபிடித்து இரண்டு முறை அழுத்தினார். சரி என்றது.

"அடக் கெரகமே," என்றார் அவர். "இதை எப்படிங்க்கா கண்டுபுடிச்சீங்க?"

"நானும் அதே தப்பைத்தானுங்க செஞ்சேன். எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமையில சொல்லிக் கொடுக்க ஆளிருந்துச்சு. சபுராவுக்கு இல்லை."

"ஐநூறையும் மறுபடி அடிக்கோணுமா?"

"வேண்டாமுங்க. எல் எழுத்து வந்தா ஒண்ணா மாத்திக்கோன்னு ஒரு வரி சேத்தாப் போதும். மத்தியானத்துக்குள்ள செஞ்சு போடறேன்."

அருள்குமார் எழுந்து கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் போனார். சபுரா எழுந்து நின்றாள். "தப்பு உங்க மேல இல்லீங்க்கா. நாந்தான் சரியாப் பாக்கலை, மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல ஒரு மேனேஜருக்கு மனசு வேண்டும், அவருக்கு அது இருந்தது. திரும்பி வரும்போது சென்னியம்மாளிடம், அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். கிழித்தாள், சுக்கு நூறாக.

மத்தியானம் இரண்டு பேரும் சாப்பாட்டுத் தூக்குகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல் எழுத்தின் கதை பூராவும் கேட்டுவிட்டுச் சபுரா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இனிமேல் மறைப்பானேன் என்று சென்னியம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கிழமை சார் எங்கிட்ட ஒரு காயிதம் கொடுத்தாரு கண்ணு. உன்னைப் பத்தி. உங்கிட்டச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரலை."

"தெரியுமுங்க்கா," என்றாள் சபுரா, சோற்றைப் பிசைந்துகொண்டே. "வியாழக்கிழமையே சாரோட மேசையில பாத்துப்போட்டேன்."

சென்னியம்மாள் எடுத்த கவளத்தைத் தூக்கிலேயே போட்டாள். "தெரிஞ்சுக்கிட்டா வெள்ளி, சனி ரெண்டு நாளும் உக்காந்து அடிச்சுட்டிருந்தே?"

"அன்னிக்கு ராத்திரி பூராத் தூக்கமே இல்லீங்க்கா. எங்க ஊட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லலை. வெள்ளிக்கிழமை சார் அதைக் கொண்டாந்து உங்க கையில கொடுத்தாரு பாருங்க, கண்ணாடி வழியாப் பாத்தேன். நீங்க கையை மடியில போட்டுட்டு உக்காந்துட்டீங்க. உங்க மிசின் சத்தமே வரலை." சபுரா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். "அன்னைக்கு ஊட்டுக்குப் போய் நல்லாத் தூங்கினேனுங்க்கா."

சென்னியம்மாள் எச்சில் கையோடு அவள் தோளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை வந்தேவிட்டது. "அந்த நாப்பது நாளும் என் நாற்காலியில உக்காந்து அடிச்சியே, அதுக்கு ரொம்ப நன்றி சாமி," என்றாள். சபுரா தன் தூக்கிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து அவள் சோற்றில் வைத்து, சாப்பிடுங்க்கா என்றாள்.